அடித்த தடம் ஆறுவதற்குள்: கூர்நோக்கு இல்லங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

18 வயது நிறையாதவர்கள் குற்றச்சாட்டில் சிக்கினால் விசாரணை முடியும்வரை வைக்கப்படும் இடம் கூர்நோக்கு இல்லம். தீர்ப்புக்குப் பிறகு அனுப்பப்படும் இடம் சிறப்பு இல்லம். பேச்சு வழக்கில் இரண்டையுமே ‘சீர்திருத்தப் பள்ளி’ என்று சொல்லிவிடுகிறோம். அங்கே நடக்கும் அடி, உதை பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கேட்டவர்களின் பெயரை நீக்கிவிட்டோம். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி அந்தப் பிள்ளையை அடையாளம் காட்டும் எதையும் அச்சிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

என் மகனுக்கு 16 வயது. பைக் திருடியதாகப் பிடித்துப் போனார்கள். கூர்நோக்கு இல்லத்தில் பன்னிரண்டு நாளாக இருக்கிறான். பார்க்கப் போனபோது இரண்டு பாதமும் வீங்கி, செருப்புகூடப் போட முடியாமல் வந்தான். ‘பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேம்மா’ என்றான். பக்கத்திலேயே காவலாளி நின்றுகொண்டிருந்தார். நான் என்ன செய்ய வேண்டும்?
— ஒரு தாய், திருவள்ளூர் மாவட்டம்

வழுக்கி விழுந்தால் பெரும்பாலும் ஒரு கணுக்கால் பிசகும், முட்டி சிராயும், ஊன்றிய உள்ளங்கையில் காயம் இருக்கும். இரண்டு பாதமும் ஒன்றுபோல வீங்குவது வேறு கதை. உள்ளங்காலில் அடித்தால் தோல் கிழியாது, மேலே தடம் தெரியாது, நடக்கும்போதுதான் வலி காட்டிக்கொடுக்கும். இடம் பார்த்து அடிக்கிறவர்களுக்கு இது தெரியும். ஆனாலும் நீங்களோ நாங்களோ இதை முடிவு செய்யக் கூடாது. டாக்டர்தான் எழுத வேண்டும், அதுவும் சீக்கிரம். கன்றிய இடம் பத்துப் பதினைந்து நாளில் மஞ்சளாகி மறைந்துவிடும்.

இன்றைக்கே இளைஞர் நீதிக் குழுமத்துக்கு, அதாவது சிறார் வழக்குகளை விசாரிக்கும் அமைப்புக்கு, ஒரு மனு எழுதுங்கள். அரைப் பக்கம் போதும். மகனைப் பார்த்த தேதி, நேரம், எந்தக் காலில் எந்த இடத்தில் வீக்கம், அவன் சொன்ன வார்த்தை, அப்போது அருகில் யார் இருந்தார் என்பதைக் கண்ணால் கண்டபடி எழுதுங்கள். ‘அடித்தே விட்டார்கள்’ என்று முடிவு கட்டி எழுத வேண்டாம். கடைசியில் மூன்று கோரிக்கை வையுங்கள். பையனைக் குழுமத்தின் முன் நேரில் வரவழைத்து, இல்லப் பணியாளர் யாரும் இல்லாமல் தனியாக விசாரிக்க வேண்டும். அரசு மருத்துவமனைக்கு அனுப்பி, விபத்துப் பதிவேட்டில் பதிந்து, இரண்டு பாதத்துக்கும் எக்ஸ்ரே எடுத்து, நகல் தர வேண்டும். அவன் உள்ளே போன நாளிலிருந்து இன்றுவரை உள்ள சிசிடிவி பதிவை அழியாமல் எடுத்து வைக்க உத்தரவிட வேண்டும். மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டிஸ்க் நிரம்பினால் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் ‘பதிவு இல்லை’ என்ற பதில் வரும், அது உண்மையாகவும் இருக்கும்.

மனு இரண்டு பிரதி எடுத்துப் போய் ஒன்றில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். குழுமம் தினமும் அமர்வதில்லை. அமர்வு இல்லாத நாளிலும் தனி உறுப்பினர் ஒருவர் முன் பிள்ளையை நிறுத்தலாம் என்று சட்டத்தின் 7-வது பிரிவு சொல்கிறது. அதைச் சுட்டிக்காட்டிக் கேளுங்கள். இன்னொரு நகலை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வக்கீலுக்குப் பணம் தேவையில்லை. பிள்ளைகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம், 15100-க்கும் கூப்பிடலாம். குழந்தைகள் உதவி எண்ணான 1098-லும் புகாரைப் பதிந்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கே சறுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். கோபத்தில் நேராகக் கண்காணிப்பாளர் அறைக்குப் போய்ச் சத்தம் போடாதீர்கள். நீங்கள் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள், அன்றைக்கு ராத்திரி அவன் அங்கேதான் படுக்க வேண்டும். ‘அடுத்த வாய்தாவுக்குச் சொல்லிக்கலாம்’ என்று காத்திருந்தால் காயம் ஆறிவிடும். மருத்துவமனையில் இல்லப் பணியாளர் பக்கத்தில் நிற்க டாக்டர் கேட்டால் பையன் ‘விழுந்தேன்’ என்றே சொல்வான், பதிவேட்டிலும் அப்படியே ஏறும். அப்புறம் அதை மாற்றுவது பெரும் பாடு. காலைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் விடாதீர்கள். 74-வது பிரிவு உங்கள் மேலேயே திரும்பும்.

சட்டத்தில் ஒரு பொறியும் இருக்கிறது. இல்லத்துப் பணியாளர் பிள்ளையைக் கொடுமைப்படுத்தினால் 75-வது பிரிவின்படி ஐந்தாண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் வரை அபராதமும் உண்டு. ஆனால் 2021 திருத்தம், மூன்று முதல் ஏழாண்டு வரை தண்டனை உள்ள இந்தச் சட்டத்துக் குற்றங்களை, மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத வகைக்கு மாற்றிவிட்டது. ஸ்டேஷனில் ‘எங்களால் எஃப்.ஐ.ஆர். போட முடியாது’ என்றால் சாக்கு மட்டுமல்ல, சட்டமும் அப்படித்தான் இருக்கிறது. பிள்ளைகளைக் காக்க வந்த சட்டத்தில் இந்தத் திருத்தம் எங்களுக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு தெரிந்தால் நிலைமை மாறும். அது பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின்படி கொடுங்காயம், போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம். எக்ஸ்ரேயை வற்புறுத்திச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். பாலியல் சீண்டல் என்றால் போக்சோ. அதில் போலீஸ் வழக்குப் பதிய மறுபேச்சே கிடையாது.

‘ஜாமீன் தர ஆள் இல்லை, சொத்துப் பத்திரம் இல்லை’ என்று என் தங்கை மகனை மூன்று வாரமாக விடவில்லை. இதுவும் திருட்டு வழக்குதான். பெரியவர்களுக்கு உள்ள அதே சட்டம்தானா இவனுக்கும்?
— வாசகர், தஞ்சாவூர்

இல்லை. இந்தக் கேள்வியை முதல் கேள்வி கேட்ட அம்மாவும் படிக்க வேண்டும், ஏனென்றால் உள்ளே இல்லாத பையனை யாரும் அடிக்க முடியாது.

12-வது பிரிவின்படி எந்தக் குற்றமாக இருந்தாலும் சிறாருக்குப் பிணை தருவதுதான் விதி. பிணையாள் இல்லாமலும் விடலாம், நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பிலும் விடலாம். மறுப்பதற்கு மூன்று காரணம் மட்டுமே உண்டு: வெளியே விட்டால் தெரிந்த குற்றவாளிகளோடு சேர்வான், அவனுக்கே உடலாலோ மனதாலோ ஒழுக்கத்தாலோ ஆபத்து வரும், அல்லது நீதியின் நோக்கம் கெடும். எந்தக் காரணம் என்பதை எழுத்தில் பதிய வேண்டும். ஏழ்மை அந்தப் பட்டியலில் இல்லை. பிணை தந்தும் நிபந்தனையை ஏழு நாளுக்குள் நிறைவேற்ற முடியாமல் போனால், நிபந்தனையைத் தளர்த்துவதற்காக அவனை மறுபடி குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். மூன்று வாரம் ஆகிவிட்டது என்றால் இந்த இரண்டில் ஏதோ ஒன்று நடக்கவில்லை. பிணை உத்தரவின் நகலை வாங்கிப் பாருங்கள். இருக்கிறதா, இருந்தால் என்ன நிபந்தனை என்று தெரிந்துவிடும்.

முதல் முறை திருட்டுக்கு மூன்றாண்டு வரைதான் தண்டனை. மூன்றாண்டு வரை உள்ளவை இந்தச் சட்டத்தில் ‘சிறு குற்றம்’. மத்திய அரசின் 2016 மாதிரி விதிகளின்படி, பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாக இருந்தாலொழிய, சிறு குற்றத்துக்கு எஃப்.ஐ.ஆரே போடக் கூடாது. ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில் எழுதி, சமூகப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். விசாரணை நான்கு மாதத்தில் முடிய வேண்டும், கூடுதலாக இரண்டு மாதம் நீட்டிக்கலாம். அதற்குள்ளும் முடியாவிட்டால் சிறு குற்ற வழக்கு அதோடு முடிந்துபோகும். தேதிகளைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். வக்கீல்கூட மறந்துவிடுவார்.

நான் ஓர் இல்லத்தில் பணியாளர். ஐம்பது பையன்கள், ராத்திரி டூட்டிக்கு இரண்டு பேர். கண்ணாடியை உடைத்துக் கையைக் கீறிக்கொள்வான், கூட்டமாகக் கதவைத் தள்ளுவார்கள். ‘அடிக்காதே’ என்று எழுதுவது சுலபம். அடிக்காமல் எப்படி?
— பெயர் வேண்டாம் என்றவர்

நேர்மையான கேள்வி. திட்டிப் பதில் எழுதுவது எங்களுக்கும் சுலபம்தான். ஐம்பது பேருக்கு இரண்டு ஆள் என்பது உங்கள் தவறல்ல. 2018-இல் சம்பூர்ணா பெஹுரா வழக்கில் உச்ச நீதிமன்றம் காலிப் பணியிடங்களை நிரப்பச் சொல்லியே உத்தரவிட்டது. ஆனால் கைகலப்புகள் திடீரென்று வருவது போலத் தோன்றினாலும், அவற்றுக்கு நேரம் காலம் உண்டு. உங்கள் இல்லத்துச் சம்பவப் பதிவேட்டில் நேரத்தை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். முதல் ராத்திரி, மாலைக் கதவடைப்புக்குப் பிந்தைய மணி நேரங்கள், வாய்தா தள்ளிப்போன நாள், வீட்டிலிருந்து யாரும் வராத பார்வை நாள் என்று குவியும்.

முதல் ராத்திரியிலிருந்து தொடங்குவோம். புதுப் பையன் சாயங்காலம் ஏழு மணிக்கு வருகிறான். ஸ்டேஷனில் சாப்பிட்டிருக்க மாட்டான். வந்ததும் நிற்க வைத்துச் சட்டையைக் கழற்றச் சொல்லி, ‘என்ன கேஸ்?’ என்று நாலு பேர் முன்னால் கேட்டு, ‘இங்க எப்படி இருக்கணும்னு தெரியணும்ல’ என்று இரண்டு வைப்பது பல இடங்களில் சடங்காகவே இருக்கிறது. இதற்குப் பதிலாக, முதலில் சாப்பாடு, பிறகு குளியல், மாற்று உடை, வீட்டுக்கு ஒரு போன், அதன் பிறகு மறைவான இடத்தில் சோதனையும் காயப் பதிவும். உடம்பின் முன்பக்கம் பின்பக்கம் வரைந்த ஒரு தாளில் ஏற்கெனவே உள்ள காயங்களைக் குறித்து, அவனையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். 24 மணி நேரத்துக்குள் மருத்துவர் பார்க்க வேண்டும் என்பது மாதிரி விதி. அந்தத் தாள் அவனை மட்டுமல்ல, உங்களையும் காப்பாற்றும். ஸ்டேஷனில் வாங்கிய அடி உங்கள் தலையில் விடியாது.

அடுத்தது போதை. ‘திமிர்’ என்று நினைப்பதில் பாதி, மருந்து இறங்குவதுதான். வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டவனுக்கு முதல் இரண்டு மூன்று நாளில் கை கால் குடைச்சல், வாந்தி, பேதி, மயிர்க்கூச்சல் வரும். கஞ்சா விட்டவன் ஒரு வாரம் தூங்க மாட்டான், சோறு பிடிக்காது, தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுவான். தூக்க மாத்திரைக்குப் பழகியவனுக்குத் திடீரென நின்றால் வலிப்பே வரலாம். வலிப்பு வரப்போகிறவனைப் பூட்டி வைத்து அடித்தால் காலையில் என்ன கிடக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வந்த அன்றே ‘என்ன போடுவே, கடைசியா எப்போ போட்டே?’ என்று கேட்டு எழுதி, டாக்டரிடம் காட்டுங்கள். ‘இதைக் கேஸ்ல சேர்க்க மாட்டேன்’ என்று முதலில் சொன்னால்தான் உண்மையைச் சொல்வான்.

மூன்றாவது, ‘லீடர்’ முறை. ஆள் பற்றாததால் பெரிய பையன் ஒருவனிடம் ஹாலை ஒப்படைக்கிறார்கள். அவனுக்கு ஒரு முட்டை கூடுதல், டிவி ரிமோட் அவன் கையில். அவன்தான் அடிப்பான், பணியாளர் கை சுத்தமாக இருக்கும். இதைவிட ஆபத்தான ஏற்பாடு கிடையாது. கலவரம் பெரும்பாலும் இந்த லீடருக்கு எதிராகத்தான் கிளம்பும். வயதுவாரியாகவும் குற்றத்தின் தன்மைவாரியாகவும் பிரித்து வைக்கச் சொல்லும் சட்டத்தின் 47-வது பிரிவு வெறும் அலங்காரத்துக்கு எழுதப்பட்டதல்ல.

பிறகு, வெறும் நேரம். மாலை ஆறு மணிக்குச் சோறு போட்டுப் பூட்டினால் தூக்கம் வரும்வரை நான்கு மணி நேரம். பதினாறு வயது உடம்பு. கேரம் போர்டு, ஒரு வாலிபால், முடிவெட்டப் பழகும் கத்தரி செட் இருந்தால் மாலை ஓடிவிடும். கத்தரியா என்று பயப்பட வேண்டாம். எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குத் தள்ளினாலே பாதிச் சண்டை குறையும்.

சண்டை வெடித்துவிட்டால்: சுற்றி நிற்கும் பையன்களை முதலில் வெளியே அனுப்புங்கள், பார்க்க ஆள் இருக்கும்வரை அவன் இறங்கி வர மாட்டான். ஒருவர் மட்டும் பேசுங்கள், பெயர் சொல்லி, தாழ்ந்த குரலில், இரண்டு கை தூரத்தில். வழியை மறித்து நிற்காதீர்கள். பிடித்தே ஆக வேண்டும் என்றால் தன்னையோ மற்றவரையோ காயப்படுத்தும் அந்த நேரத்துக்கு மட்டும் கையைப் பிடியுங்கள். குப்புறப் போட்டு முதுகில் உட்காருவது கூடவே கூடாது. மூச்சு நின்று இறந்தவர்கள் உலகெங்கும் உண்டு. முடிந்ததும் அரை மணிக்குள் எழுதுங்கள்: எப்போது, எதனால், யார் யார் இருந்தார்கள், எவ்வளவு நேரம் பிடித்தீர்கள்.

தண்டனையாகச் சாப்பாட்டைக் குறைப்பது, தனியறையில் அடைப்பது, வீட்டார் பார்வையை நிறுத்துவது, ஒருவன் தப்புக்கு ஹால் முழுவதையும் முட்டி போட வைப்பது எல்லாமே காவலில் உள்ள சிறாருக்காக ஐ.நா. வகுத்த 1990 ஹவானா விதிகளில் 67-வது விதி தடுத்தவை. நம் சட்டத்தின் 82-வது பிரிவில் உடல்தண்டனைக்கு முதல் முறை 10,000 ரூபாய் அபராதம். மறுபடி செய்தால் மூன்று மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ. வேலையும் போகலாம், பிள்ளைகளோடு வேலை செய்வதற்கே தடையும் வரும். பதினைந்து வருட சர்வீஸை ஒரு பிரம்புக்காகத் தொலைக்காதீர்கள்.

செங்கல்பட்டில் சிறுவன் இறந்த பிறகு கமிட்டி போட்டார்களே, என்ன ஆயிற்று? என்ன மாறினால் உண்மையில் மாறும்?
— வாசகி, மதுரை

2022 டிசம்பர் 31 அன்று 17 வயதுச் சிறுவன் அங்குள்ள அரசு இல்லத்தில் இறந்தான். திருட்டுக் குற்றச்சாட்டில் பிடிபட்டு உள்ளே வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. ஆறு பணியாளர்கள் கைதானார்கள். 2023-இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவைக் கொண்ட ஒரு நபர் குழுவைத் தமிழக அரசு அமைத்தது. இல்லங்களின் கட்டமைப்பு, ஆள் நியமனம், நிர்வாகம் எல்லாவற்றையும் ஆராய்ந்து அந்த ஆண்டு நவம்பரில் அவர் அறிக்கை கொடுத்தார். இந்த இல்லங்களுக்கென்று தனித் துறை வேண்டும் என்பது அதன் முக்கியப் பரிந்துரைகளில் ஒன்று.

துறை மாறுவது நல்லதுதான். ஆனால் பலகை மாறுவதைவிட, உள்ளே எப்போது யார் வருகிறார்கள் என்பது மாறினால்தான் அடி குறையும் என்பது எங்கள் கருத்து. சட்டப்படி குழுமம் மாதம் ஒரு முறையாவது இல்லத்துக்கு வர வேண்டும். ஆய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறை வர வேண்டும். குறைந்தது மூன்று பேர், அதில் ஒரு பெண், ஒரு மருத்துவர். வருகிறார்கள்தான். காலை பதினோரு மணிக்கு, முன்கூட்டியே போன் செய்துவிட்டு. அன்றைக்குத் தரை கழுவியிருக்கும், பையன்கள் வரிசையாக உட்கார்ந்து ‘எந்தக் குறையும் இல்லை சார்’ என்பார்கள். அடி விழுவது ராத்திரி ஒன்பது மணிக்கு. சொல்லாமல், இருட்டிய பிறகு, சமையலறையில் தொடங்காமல் கழிப்பறையில் தொடங்கும் ஆய்வு இரண்டு நடந்தால் போதும், மூன்றாவது மாதம் பிரம்பு காணாமல் போயிருக்கும்.

புகார்ப் பெட்டியும் இப்படித்தான். அது அலுவலகத்திலிருந்து விலகி, பையன்கள் தங்கும் அறைகளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். சாவி நிர்வாகக் குழுத் தலைவரிடம் இருக்க வேண்டும். வாரம் ஒரு முறை, இல்லத்துப் பிள்ளைகளே கொண்ட சிறார் குழுவின் உறுப்பினர்கள் முன்னிலையில் திறக்க வேண்டும். இதுவும் 2016 மாதிரி விதிகள் சொல்வதுதான். கண்காணிப்பாளர் அறை வாசலில், அவர் மேஜை டிராயரில் சாவியோடு தொங்கும் பெட்டியில் எவன் கடிதம் போடுவான்?

அளவும் முக்கியம். அமெரிக்காவின் மிசூரி மாநிலம் 1983-இல் பூன்வில் என்ற பெரிய சீர்திருத்தப் பள்ளியை மூடிவிட்டு, ஊருக்குப் பக்கத்தில் சிறு சிறு இல்லங்களாகப் பிரித்தது. பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குழு, அதே பணியாளர்கள் தொடர்ந்து. ஐம்பது பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. பத்துப் பேரை முடியும். கட்டடத்துக்கு முன்னால் இங்கே செய்யக்கூடியது, பிணையில் போக வேண்டியவர்களை அனுப்பி எண்ணிக்கையைக் குறைப்பது. 2020 ஏப்ரலில் கொரோனா பயத்தில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் குழுமங்கள் அதைத்தான் செய்தன. செய்ய முடியும் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

திருடுகிறவனுக்கும் குத்துகிறவனுக்கும் முட்டையும் கேரம் போர்டுமா? பாதிக்கப்பட்டவர்கள் பற்றி எழுதுங்கள்.
— வாசகர், கோயம்புத்தூர்

கோபம் புரிகிறது. ஆனால் கூர்நோக்கு இல்லத்தில் இருப்பவர்களில் யார் குற்றவாளி என்று இன்னும் முடிவாகவில்லை, விசாரணைதான் நடக்கிறது. குற்றம் நிரூபணமானாலும் சிறப்பு இல்லத்தில் அதிகபட்சம் மூன்றாண்டு. அதன் பிறகு உங்கள் தெருவுக்கோ எங்கள் தெருவுக்கோதான் வருவான். 16 வயதுக்கு மேல் கொடுங்குற்றம் என்றால் பெரியவர்களைப் போல விசாரிக்கவும் 2015 சட்டம் வழி வைத்திருக்கிறது. ஆகவே ‘ஒன்றும் செய்ய மாட்டார்கள்’ என்பது சரியல்ல.

உள்ளே சாப்பாடும் இடமும் எவ்வளவு தர வேண்டும் என்று கணக்கு இருக்கிறதா?
— வாசகி, திருநெல்வேலி

இருக்கிறது. 2016 மாதிரி விதிகளில் நாளொன்றுக்குத் தானியம் 600 கிராம், 16 முதல் 18 வயதினருக்கு 700; பருப்பு 120 கிராம், எண்ணெய் 25 கிராம், பால் 150 மில்லி. படுக்கைக் கூடத்தில் ஆளுக்கு 40 சதுர அடி. பார்க்கப் போகும்போது பையனிடம் ‘நல்லா சாப்பிடுறியா?’ என்று கேட்காதீர்கள்; ‘ஆமா’ என்பான். ‘நேத்து ராத்திரி என்ன போட்டாங்க, ரெண்டாவது தடவை கேட்டா போடுவாங்களா, பக்கத்துல படுக்கிறவன் கை உன் மேல படுதா?’ என்று கேளுங்கள்.

என் மகன் மேல் இருந்த வழக்கு குழுமத்தில் எச்சரிக்கையோடு முடிந்துவிட்டது. இப்போது 18 ஆகிவிட்டது. வேலைக்கு மனுப் போட்டால் இது தடையாகுமா? ஊரில் ஏதாவது திருட்டு நடந்தால் இன்னும் ஸ்டேஷனுக்குக் கூப்பிடுகிறார்கள்.
— ஒரு தந்தை, விழுப்புரம் மாவட்டம்

தடையாகாது. 24-வது பிரிவின்படி அந்த வழக்கால் எந்தத் தகுதியிழப்பும் வராது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் பதிவுகளை அழிக்க வேண்டும். 16 வயதுக்கு மேல் கொடுங்குற்றத்துக்காகக் குழந்தைகள் நீதிமன்றத்தில் குற்றவாளி என்று முடிவானவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. 2019-இல் ஒரு பணி நியமன வழக்கில் உச்ச நீதிமன்றமும் சிறார் பருவத்து வழக்கைக் காட்டி வேலையை மறுக்க முடியாது என்றது.

குழுமத்தில் மனுப் போட்டு முடிவு உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். பதிவை அழிக்கும்படி அதே மனுவில் கேட்டு, உத்தரவை ஸ்டேஷனுக்கும் அனுப்பச் சொல்லுங்கள். அதன் பிறகும் கூப்பிட்டால் எழுத்துப்பூர்வமான சம்மன் கேளுங்கள். சம்மன் தந்தால் நகலை எடுத்துக்கொண்டு, வக்கீலோ நீங்களோ கூடப் போங்கள். பையனைத் தனியாக அனுப்பாதீர்கள்.